முன்பே இருந்தது

குலசேகரம் சந்தைக்குப் பின்னால்
ரப்பர் ஷீட் எடுக்கிற கடையின் மாடியில்
என் அறை.
கீழே தராசு, மேலே மேசை.
புகைபோட்ட ஷீட்டின் வாடை படியேறி வந்து
குறுந்தோட்டி எண்ணெயோடு கலந்துவிடும்.
வருகிறவர்கள் அதை மருந்து வாசம் என்று நினைக்கிறார்கள்.
நான் திருத்துவதில்லை.

ஃபிளெக்ஸ் அடித்த பையன்
ஒரு தாமரையும்
ஒன்றின்மேல் ஒன்றாய் ஐந்து கூழாங்கற்களும்
கேட்காமலே போட்டுக் கொடுத்தான்.
கீழே, ‘முழுமை நலச் சிகிச்சை’.
“இந்தக் கல்லு எந்த ஆத்துக்கது?”
என்று கேட்டபடி ஏறிவந்தவர் ஞானாபரணம்.

வலது தோள்.
முப்பத்தொரு வருஷப் பால்வெட்டு.
விடியும் முன்னே நெற்றியில் விளக்கு,
நாளொன்றுக்கு நானூறு மரம்.
“கை பொக்க முடியல்ல, கேட்டியளா.”

அந்தப் பெயரை நான் முன்பே வாசித்திருந்தேன்.

பன்னிரண்டு வருஷம்
நாகர்கோவிலில் ஓர் ஏசி அறையில்
மற்றவர்களின் வலியைத் தாளில் படித்தேன்.
ஒரு நாளைக்கு நாற்பது கோப்பு.
‘முன்பே இருந்த நோய்’ என்ற முத்திரை
மேசையின் வலப்பக்கம்,
கை நீளும் தூரத்தில்.
எவ்வளவு வலிக்கிறது என்று
எந்தக் கட்டமும் கேட்கவில்லை.
எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டது.

விட்டதற்கு ஒரு பெரிய காரணம் சொல்ல ஆசைதான்.
ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில்
பக்கத்து இருக்கை பியூலா
கழுத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.
சும்மா கை வைத்தேன்.
அழுதுவிட்டாள்.
எந்தப் பிரிவிலும் அடங்காத அழுகை.
அன்று மாலை என் கைக்கு
முத்திரையைத் தூக்க மனம் வரவில்லை
என்று சொன்னால் அது பொய்.
தூக்கினேன். குத்தினேன்.
இன்னும் எட்டு மாதம் குத்தினேன்.
ஸ்கூட்டருக்குத் தவணை பாக்கி இருந்தது.

பிறகு ஒரு வருஷம் படிப்பு.
தசைகளின் பெயர், மூச்சு, எண்ணெயின் பதம்.
பழைய புத்தி மட்டும்
கையுறைபோல விரலில் ஒட்டிக்கிடந்தது.
ஆள் குப்புறப் படுத்ததும்
கண்டுபிடி, பெயர் வை, கோப்பை மூடு.
சரியாக்கிவிடுகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன்.
பாதிப்பேர் திரும்ப வரவில்லை.
சொல்வதை நிறுத்தினேன்.
சிலர் வந்தார்கள்.

ஞானாபரணத்தின் தோளில் கையை வைத்துக் காத்திருந்தேன்.
வெளியே பேச்சிப்பாறை பஸ்ஸின் ஹாரன்.
தோள் ஒன்றும் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார்:
ஒட்டுப்பால் விலை, மகளுக்க நர்சிங் பீஸ்,
நிற்காத மழை,
இன்சூரன்ஸ் கிடைக்காமல் போன கதை.
“முன்னமே உள்ள நோவுன்னு எழுதிப் போட்டினும்.
உள்ளதுதான்.
பின்ன, நேத்தைக்கா நான் கத்தி பிடிச்சேன்?”
சிரித்தார்.
சிரிப்பில் தோள் ஓர் அங்குலம் இறங்கியது.

எழுதியது நான்.
நாக்கு நுனிவரை வந்தது.
எண்ணெயைச் சூடாக்கப் போனேன்.

திரும்பி வந்து தொட்டபோது
அக்குளுக்குச் சற்று மேலே
கோலியளவில் ஒன்று,
அழுத்தினால் நகராமல்.
கையை எடுத்துக்கொண்டேன்.
“இது எனக்க கைக்கு உள்ளதில்ல.
நாளைக்கே ஆசாரிப்பள்ளம் போங்க.”

காசு வாங்கவில்லை.
காப்பீட்டு அட்டையை வாங்கினேன்.
எந்தக் கேள்வியில் கால் இடறும்,
எந்தத் தேதியை டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும்,
எந்த வரியில் அவர்கள் முத்திரையைத் தேடுவார்கள்,
எல்லாம் விரலுக்குத் தெரிந்திருந்தது.
உண்மையைத்தான் எழுதினோம்,
மெதுவாக,
எண்ணெய் பட்டு ஒரு மூலை கண்ணாடியான தாளில்.

“ஒங்களுக்கு எப்பிடி இதெல்லாம் தெரியும்?”

“அங்கதான் இருந்தேன்.
உங்க தாளும் எனக்க மேசைக்கு வந்தது.”

இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட்டார்.
வெகுநேரம் ஆனது.
நான் உதவப் போகவில்லை.
கீழே யாரோ
ஷீட்டுக் கட்டைத் தராசில் போடும் சத்தம்.

படியில் இறங்கும்போது
பலகையின் முன் நின்றார்.
“கோதையாத்துக் கல்லு இல்ல இது.
அங்க உள்ளதுக்கு
இவ்வளவு மினுக்கம் கெடையாது.”